வழவழன்னு இருந்தா போதுமா?

அக்கா பொண்ணு விமானப் பராமரிப்புப் படிப்பு படிக்கிறாள். தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சாப்பிட்டுக்கொண்டே புலம்பினாள்.

"ஒரு சின்ன கிரீஸ் டியூப் எடுக்கணும்னா ஸ்டோர்ல எவ்வளவு எழுதணும் தெரியுமா மாமா? ஸ்பெக் நம்பர், பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி தேதி, யார் வாங்கினா, எந்தப் பார்ட்டுக்குப் போட்டா... கிரீஸ்தானே? வழவழன்னு இருந்தா போதாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு வேறொருத்தர் விலை கொடுத்தார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விமானத்துக்குப் போகிறேன்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டிரெய்னியாகச் சேர்ந்திருந்த நேரம். பெயர் வேண்டாம். கூலிங் வாட்டர் பம்ப் ஒன்றை ஓட்டும் பெரிய மோட்டார். அதன் கிரீஸ் நிப்பிளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுமினியத் தகடு, அதில் எந்த கிரீஸ், எத்தனை கிராம், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அடித்திருக்கும். அதில் சொன்னது பாலியூரியா வகை கிரீஸ். ஸ்டோரில் அது தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் லித்தியம் கிரீஸ் டிரம் முழுசாக இருந்தது. நல்ல கம்பெனி சரக்கு, விலையும் ஜாஸ்தி. கன்னில் ஏற்றினேன், நிப்பிளில் அடித்தேன், துணியால் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் மோட்டார் ஓடியது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் பேரிங் சிக்கிக்கொண்டு, சூட்டில் நீலம் பாய்ந்து, வைண்டிங்கும் போனது. காலையில் பிரித்துப் பார்த்தால் பேரிங் காய்ந்து கிடந்தது. "கிரீஸே போடலை" என்று முடிவு கட்டினார்கள். அந்த வாரம் அந்த லைனுக்கு கிரீஸ் போடும் பொறுப்பில் இருந்தவர் ஒரு காண்ட்ராக்ட் ஃபிட்டர். எண்ணூர்க்காரர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுவோம். போட்டேன் என்று அவர் சொன்னார். எழுதி வைக்கும் பழக்கம் அங்கே இல்லை. காண்ட்ராக்டர் அவரை அனுப்பிவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது எனக்கே காரணம் தெரியாது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, பயம்.

காரணம் தெரிந்தது சில மாதம் கழித்து, ஒரு லூப்ரிகன்ட் கம்பெனி என்ஜினீயர் வந்து வகுப்பு எடுத்தபோது. அவர் மாட்டிய சார்ட்டில் குறுக்கும் நெடுக்குமாக கிரீஸ் வகைகளின் பெயர்கள், கட்டங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு. பாலியூரியாவும் லித்தியமும் சந்திக்கும் கட்டம் சிவப்பு.

கிரீஸ் என்றால் என்ன என்று யோசித்தால் இது புரியும். கிரீஸில் பெரும்பகுதி ஆயில்தான். அந்த ஆயிலைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் ஒன்று உண்டு. லித்தியம் சோப்பு, கால்சியம் சோப்பு, களிமண், பாலியூரியா என்று பல வகை. ஸ்பாஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி. அழுத்தும்போது கொஞ்சம் ஆயிலை விடும், விட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஸ்பாஞ்சின் இழையும் வேறு வேறு மாதிரிக் கட்டப்பட்டது. சேராத ரெண்டைக் கலந்தால் இழைகள் ஒன்றையொன்று குலைத்துவிடும். ஆயில் பிரிந்து ஓடிவிடும். சில ஜோடிகள் இதற்கு நேர்மாறாக இறுகிக் கட்டியாகிவிடும். ரெண்டு கிரீஸும் தனித்தனியாக நல்ல சரக்காகவே இருக்கலாம். நான் போட்டதும் நல்ல கிரீஸ், உள்ளே இருந்ததும் நல்ல கிரீஸ். சேர்ந்ததும் ரெண்டுமே தண்ணியாகி சீல் வழியாக வெளியே போய்விட்டது. கிரீஸ் போட்டதால்தான் அந்தப் பேரிங் காய்ந்தது.

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். சோடியம் சோப்பு கிரீஸ் சூட்டைத் தாங்கும், ஆனால் தண்ணீரில் கரையும். கால்சியம் கிரீஸுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லை, பழைய வகைகள் சூட்டில் உருகிவிடும். உப்புத் தண்ணீரில் சுற்றும் விஞ்சுக்கு எது, கரையில் கொதிக்கும் இடத்துக்கு எது என்பதில் எது உசத்தி என்ற பேச்சே கிடையாது.

எங்கள் பகுதிக்காரன் ஒருவன் லூப்ரிகன்ட் பற்றி எழுத இன்னொரு நியாயமும் உண்டு. 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கி, இன்று சிபிசிஎல் என்று அழைக்கப்படும் மணலி சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசல், விமான எரிபொருளோடு லூப் ஆயிலின் அடிப்படை எண்ணெயும் வருகிறது. அதில் சேர்க்கும் அடிட்டிவ் ரசாயனங்களைச் செய்யும் ஆலையும் மணலியில் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது வாசனை வைத்தே எந்த ஸ்டாப் என்று சொல்லிவிடுவோம். ஆனாலும் ஒரு ஜெட் என்ஜினுக்குள் ஓடும் ஆயில், இப்படிக் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் ஜாதி இல்லை.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், விளக்கெண்ணெய் வரைக்கும்.

மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள், அதற்கு மசகு என்று பெயர். வண்டி போய்விட்டது, சொல் மட்டும் 'மசகு எண்ணெய்' என்று பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. முதல் உலகப்போரில் பறந்த விமானங்கள் பலவற்றிலும் கிட்டத்தட்ட அதே எண்ணெய்தான். ஆமணக்கு எண்ணெய், அதாவது நம் விளக்கெண்ணெய். சோப்வித் கேமல் மாதிரியான விமானங்களில் ரோட்டரி என்ஜின் இருந்தது. அதில் நடுத்தண்டு அசையாது, சிலிண்டர்கள் மொத்தமும் புரொபெல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோல் கலவை நடுத்தண்டின் துளை வழியாக கிராங்க் கேஸுக்குள் வந்து, அங்கிருந்து சிலிண்டருக்குப் போகும். சிக்கல் இங்கேதான். அந்த வழியில் சாதாரண மினரல் ஆயில் இருந்தால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது. அதனால் தேர்ந்தெடுத்தார்கள். பாட்டி வைத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பாட்டி வைத்தியத்தின் பலனும் கூடவே வந்தது. எரியாத எண்ணெய் புகையாக பைலட்டின் முகத்தில் அடிக்கும், அதை விழுங்கியவர்களின் வயிறு என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

காஸ்ட்ரால் என்ற பெயரே காஸ்டர் ஆயிலிலிருந்து வந்ததுதான், 1909ல் வைத்தது. போர் முற்றியபோது ஆமணக்கு ஒரு ராணுவச் சரக்காகிவிட்டது. 1918ல் அமெரிக்க அரசு தன் விவசாயிகளை ஆமணக்கு போடச் சொல்லி, விதையை இந்தியாவிலிருந்து வரவழைத்தது. நாம் யாரையாவது திட்டுவதற்கு வைத்திருக்கும் அதே விளக்கெண்ணெய்.

ஜெட் என்ஜின் வந்ததும் கதை மாறியது. 35,000 அடி உயரத்தில் வெளியே மைனஸ் 54 டிகிரி. என்ஜினுக்குள், டர்பைன் பேரிங் பக்கத்தில், ஆயில் கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டைப் பார்க்கும். குளிரில் உறையவும் கூடாது, சூட்டில் கரியாகவும் கூடாது. கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதாரண ஆயிலால் ரெண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. அதனால் ரசாயனக்கூடத்தில் கட்டி எழுப்பிய எஸ்டர் ஆயில்கள் வந்தன. முதல் தலைமுறையில் பலவற்றுக்கு அடிப்படை செபாசிக் அமிலம். அதை எதிலிருந்து எடுக்கிறார்கள்? ஆமணக்கிலிருந்து. லித்தியம் கிரீஸின் சோப்புக்கான கொழுப்பு அமிலமும் ஆமணக்கிலிருந்துதான். வண்டி மசகிலிருந்து இந்தச் செடி நம்மை விடவே இல்லை.

இன்றைய டர்பைன் ஆயிலைக் கையில் ஊற்றிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். 100 டிகிரியில் அதன் பாகுநிலை சுமார் 5 செண்டிஸ்டோக். நம் திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50 ஆயில் அதே சூட்டில் 16க்கு மேல். பார்வைக்கு ஒன்று தேங்காய் எண்ணெய், இன்னொன்று தேன். 'கெட்டியா இருக்கிறதுதான் நல்ல ஆயில்' என்று விரலில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யும் மெக்கானிக்குகள் நம்மூரில் நிறைய. அவர்கள் கண்ணில் உலகத்தின் விலை உயர்ந்த ஆயில்களில் ஒன்று வெறும் தண்ணி.

புல்லட் என்றதும் நினைவு வருகிறது. நண்பன் ஒருவன், வண்டிமேல் உயிர். காருக்கான விலை உயர்ந்த ஆயிலை வாங்கி ஊற்றினான். எண்ணூர் ரோட்டில் நாலாவது கியரில் முறுக்கினால் என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. அந்த வண்டியில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஊறுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்த்த ரசாயனம், உராய்ந்தால்தான் வேலை செய்யும் கிளட்சையும் வழுக்க வைத்துவிட்டது. ஆயில் தன் வேலையை நன்றாகவே செய்தது.

விமானத்தில் இதே குழப்பத்துக்கு ஒரு தனி வகை உண்டு. பிஸ்டன் என்ஜின் வைத்த சின்ன விமானங்களுக்கான ஆயில் டப்பாவில் 'டபிள்யூ 100' என்று இருக்கும். கார் ஆயில் டப்பாவில் இருக்கும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். விமான ஆயிலில் அந்த எழுத்துக்குக் குளிரோடு சம்பந்தமே இல்லை. எரிந்தால் சாம்பல் விடாத, அழுக்கை மிதக்க வைக்கும் வகை என்று அர்த்தம். 100 என்பது கார் கணக்கில் எஸ்ஏஇ 50. கார் ஆயிலில் இருக்கும் உலோகக் கலவை டிடர்ஜென்ட் எரிந்து சாம்பலாகி, விமான என்ஜினின் சிலிண்டரில் படிந்து கனன்றால், ஸ்பார்க் வருமுன்னே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். பிஸ்டனில் ஓட்டை விழும். ஒரே எழுத்து, ஒரே மாதிரி டப்பா. டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலை உயர்ந்தது என்றால் சரியானது என்ற நம்பிக்கைக்கு மொபில் ஏவி-1 நல்ல பாடம். பிஸ்டன் விமானங்களுக்காக வந்த முழு சிந்தெடிக் ஆயில். சோதனைக்கூடத்தில் அருமையான எண்கள். ஆனால் அந்த விமானங்கள் குடிக்கும் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். எரிந்தபின் வரும் ஈயக் கசடை பழைய மினரல் ஆயில் தன்னோடு சுமந்துகொண்டு போகும், ஆயில் மாற்றும்போது வெளியே வந்துவிடும். இந்த சிந்தெடிக் ஆயிலால் அதைச் சுமக்க முடியவில்லை. கசடு சேறாக உள்ளேயே தங்கி என்ஜின்கள் கெட்டன. 1994ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள், உரிமையாளர்களுக்கு நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டிவந்தது. தயாரித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆயில் தனியாக வேலை செய்வதில்லை, எரிபொருளோடும் உலோகத்தோடும் ரப்பரோடும் சேர்ந்துதான் வேலை செய்கிறது.

ரப்பர் என்றது ஹைட்ராலிக்ஸுக்காக. பெரிய பயணிகள் விமானங்களில் சக்கரத்தையும் இறக்கையின் பலகைகளையும் அசைக்கும் ஹைட்ராலிக் திரவம் ஊதா நிறம், பாஸ்பேட் எஸ்டர் வகை. லேசில் தீப்பிடிக்காது என்பதற்காகத் தேர்ந்தெடுத்தது. தோலில் பட்டால் எரியும், பெயின்டைத் தின்றுவிடும். சின்ன விமானங்களிலும் ராணுவ விமானங்கள் பலவற்றிலும் சிவப்பு நிற ஹைட்ரோகார்பன் திரவம். ஊதாவுக்கு ஏற்ற சீல் சிவப்பில் ஊறினால் வீங்கிவிடும். சிவப்புக்கு ஏற்ற சீலுக்கு ஊதாவில் அதே கதி. தப்பான டப்பாவிலிருந்து ஊற்றிவிட்டால் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுவதோடு போகாது. திரவம் போன வழியெல்லாம் கழுவி, அது தொட்ட சீல்களை எல்லாம் மாற்ற வேண்டும். ரெண்டுக்கும் வேறு நிறம் கொடுத்திருப்பது சும்மா இல்லை. கிரீஸில் நிறத்தை நம்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அங்கே நிறம் வெறும் சாயம், ஒரே நிறத்தில் சேராத ரெண்டு வகை இருக்கும்.

கொஞ்சம்கூடப் போடக்கூடாத இடமும் உண்டு. விமானத்தின் ஆக்சிஜன் குழாய் இணைப்பு இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு துளி கிரீஸ் வைத்தால், அழுத்தமான ஆக்சிஜனில் அது தீயாகும். இதை ராயபுரத்தில் எந்த கேஸ் வெல்டரிடம் கேட்டாலும் சொல்வார். சிலிண்டர் வால்வு எவ்வளவு முரண்டு பிடித்தாலும் ஆயில் கையோடு தொடமாட்டார்கள்.

இதெல்லாம் சொன்னபின் அக்கா பொண்ணு கேட்டாள்: "சரி மாமா, தப்பான கிரீஸ் போட்டு நிஜமாவே ஒரு பிளேன் விழுந்திருக்கா?"

அவளுக்குச் சொன்னது அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261. அதன் பதில் நான் எதிர்பார்த்தது மாதிரி இல்லை.

2000 ஜனவரி 31. மெக்சிகோவின் புவெர்ட்டோ வல்லார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வழியாக சியாட்டில் போகவேண்டிய எம்டி-83 விமானம். வால் பகுதியின் கிடைமட்ட இறக்கையை மேலும் கீழும் சாய்க்க ஒரு நீளமான ஸ்க்ரூ இருக்கிறது, கார் ஜாக்கியின் திருகு மாதிரி. எஃகு ஸ்க்ரூ, அதன்மேல் அலுமினியம் கலந்த வெண்கல நட்டு. அந்த நட்டின் மரைகள் தேய்ந்து அறுந்தன. வால் கட்டுப்பாடு போய், விமானம் கலிபோர்னியாவின் அனகாபா தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. 88 பேர், யாரும் பிழைக்கவில்லை.

ஸ்க்ரூவைக் கடலிலிருந்து எடுத்தபோது, அறுந்த வெண்கல மரைகள் கம்பிச்சுருள் மாதிரி அதைச் சுற்றிக் கிடந்தன. ஸ்க்ரூ வேலை செய்யும் பகுதியில் பயன்படக்கூடிய கிரீஸ் இல்லை. நட்டுக்குள் கிரீஸ் போகும் துளையில் காய்ந்த கசடு.

சந்தேகம் முதலில் கிரீஸ் வகைமேல் விழ நியாயம் இருந்தது. 1997 கடைசியில்தான் அந்த நிறுவனம் சிவப்பு நிற, களிமண் வகையான மொபில்கிரீஸ் 28ஐ விட்டு, பச்சை நிற, லித்தியம் வகையான ஏரோஷெல் 33க்கு மாறியிருந்தது. பழையதும் புதியதும் உள்ளே கலந்திருக்க வாய்ப்பு. எனக்கு உடனே என் மோட்டார் ஞாபகம் வந்தது. விமானம் தயாரித்த நிறுவனம் அந்த மாற்றத்துக்குத் தொழில்நுட்ப ஆட்சேபனை இல்லை என்று எழுதியிருந்தது. ஏதாவது விளைவு வருகிறதா என்று பார்த்துக்கொள்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு என்றும் எழுதியிருந்தது. இந்த மாதிரிக் கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படிக்கும்போது அனுமதி மாதிரித் தெரியும்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ரெண்டு கிரீஸையும் தனித்தனியாகவும் கலந்தும் சோதித்தது. 2002 கடைசியில் வந்த அறிக்கை சொன்னது: கிரீஸின் வகையும் காரணமில்லை, கலந்ததும் காரணமில்லை. போதிய கிரீஸ் போடாததுதான் காரணம். மாற்றத்தை ஒழுங்காக ஆராய்ந்து ஆதாரத்தோடு அனுமதிக்கவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. ஆனால் விமானத்தை வீழ்த்தியது அது இல்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தது? அந்த வரிசையின் மூத்த விமானமான டிசி-9க்கு முதலில் சொன்ன இடைவெளி 300 முதல் 350 பறப்பு மணிக்கு ஒருமுறை. அது படிப்படியாக நீண்டது. 1996ல் அந்த நிறுவனத்தில் மணிக்கணக்கே போய் எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்றானது. சுமார் 2,550 மணி நேரம். ஒவ்வொரு நீட்டிப்பும் கொஞ்சம்தான், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து இருந்தது. இடைவெளி நீண்டபோது ஒருமுறை தவறினாலே அடுத்த வாய்ப்பு எட்டு மாதம் தள்ளி.

தேய்மானத்தை அளக்கும் சோதனையும் உண்டு. 1997 செப்டம்பரில் அளந்தபோது ஆட்டம் 0.040 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டர். அனுமதித்த எல்லையும் மிகச் சரியாக அதுவே. நட்டை மாற்ற வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். அப்புறம் திரும்ப அளந்தார்கள், 0.033 வந்தது. விமானம் வேலைக்குப் போய்விட்டது. கடைசியாக கிரீஸ் போட்டதாகப் பதிவு இருப்பது 1999 செப்டம்பரில். ஆயிரம் பறப்பு மணிக்கு 0.001 அங்குலம் தேய வேண்டிய மரை 0.012 அளவில் தேய்ந்திருக்கிறது, பன்னிரண்டு மடங்கு. மரையின் தடிமனில் 90 சதவீதம் போனபின் மீதி அறுந்தது.

விபத்துக்குப் பிறகு வந்த உத்தரவு இடைவெளியை 650 மணி நேரமாகக் குறைத்தது.

அக்கா பொண்ணு கேட்டாள், "அப்ப வகை முக்கியமில்லையா?" அவள் புத்திசாலி, நான் சொன்னதை வைத்தே என்னை மடக்கப் பார்க்கிறாள். டேட்டா ஷீட்டில் கிரீஸ் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் இன்னும் ரெண்டு எண் இருக்கும், எவ்வளவு, எப்போது என்று. என் மோட்டார் தகட்டிலும் மூன்றும் இருந்தன. ஸ்பெக் என்பது அந்த மூன்றும் சேர்ந்தது. நான் முதலாவதை மாற்றினேன். 261ல் கடைசி ரெண்டும் போயிருந்தன. பிரித்துப் பார்த்தபோது ரெண்டு இடத்திலும் கிடைத்தது ஒன்றுதான், காய்ந்த உலோகம். காய்ந்த உலோகத்தைப் பார்த்து, தப்பான கிரீஸா, போடாத கிரீஸா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு ரெண்டு வழிதான். ஒன்று அந்த வாரியம் செய்தது மாதிரி வருஷக்கணக்கில் சோதனை. இன்னொன்று யார், எதை, எந்த பேட்சிலிருந்து, எவ்வளவு, எப்போது போட்டார் என்று எழுதின தாள். அவள் ஸ்டோரில் நிரப்பிவிட்டுச் சலித்துக்கொள்கிற அதே தாள். எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த மோட்டாருக்கு எதிரில் என் பெயர் இருந்திருக்கும், அண்ணன் பெயர் இருந்திருக்காது. அவளிடம் அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொல்லவே இல்லையா மாமா?" என்றாள்.

சொன்னேன். ரொம்ப லேட்டாக.

ஏழெட்டு வருஷம் கழித்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு விசைப்படகில் விஞ்சைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். படகு வேலை நன்றாகப் போகிறது என்றார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "எந்த கிரீஸ் போட்ட?"

சொன்னேன்.

"அதான் பாத்தேன்," என்றார். "அந்த வாரம் மூடி ஓரத்துல கைய வச்சுப் பாத்தப்பவே தண்ணியா வழிஞ்சுது. கிரீஸ் அப்படி வழியாதேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். நீ துடைக்காம விட்டிருப்பேன்னாரு."

டீயைக் குடித்து முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு விஞ்சுப் பக்கம் போய்விட்டார்.